புள்ளியியல் சோதனை முடிவை வாயால் சொல்லும்போது நடந்தவை

காரைதீவிலிருந்து:
சேதனப் பசளை போட்டால் விளைச்சல் கூடுமா என்று கேம்பஸ் மாணவி ஒருவர் பெரும்போகத்தில் எங்கள் வயல் வட்டையில் ஆய்வு செய்தார். பீ பெறுமானம், அதாவது பசளையால் மாற்றமே இல்லையென்றாலும் இந்தளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.14 வந்தது. சூனியக் கருதுகோளை (பசளையால் வித்தியாசமே இல்லை என்ற எடுகோளை) நிராகரிக்கப் போதிய சான்று இல்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது. ஆனால் விவசாயிகள் கூட்டத்தில் அதை வாசித்த உத்தியோகத்தர் “பசளையால் பிரயோசனமில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முன்னால் இருந்த பெரியவர் கேட்டார்: “அப்ப நாங்க காசைக் கரியாக்கினமா?”

மாணவி எழும்பினார். “இல்ல பெரியையா. ஏக்கருக்கு 6 மூடை கூடியும் இருக்கலாம், ஒரு மூடை குறைஞ்சும் இருக்கலாம். இவ்வளவு வரவையை வச்சு எது என்று சொல்ல ஏலாது.” 95% நம்பிக்கை ஆயிடையை, அதாவது உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டை, இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரியவர் விடவில்லை. “வாய்க்காலோர வரவையெல்லாம் எந்தப் பக்கம் விழுந்தது?” சரியான கேள்வி! அங்கே எப்படியும் விளைச்சல் கூட; அவையெல்லாம் பசளை போட்ட பக்கம் விழுந்திருந்தால் ஒப்பீடே பிழைத்துவிடும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர், வயல் துண்டுகளை எழுமாற்றாகப் பிரிக்கச் சொன்னதும் இந்தச் சந்தேகத்துக்காகத்தான். மாணவி சீட்டுக் குலுக்கித்தான் பிரித்திருந்தார். அதைச் சொன்ன பிறகே பெரியவர் “சரி, சிறுபோகத்துக்கும் போட்டுப் பாருங்க” என்றார்.

மட்டக்களப்பிலிருந்து:
எனக்கு வாய்த்தது நேர்மாறு. பிள்ளைகளின் புள்ளிகளை வைத்து ஒரு பயிற்சித் திட்டத்தை மதிப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதனால் பீ சிறியது. “கணிசமான முன்னேற்றம்” என்று பெரிய எழுத்தில் அறிக்கை வந்தது. உள்ளே பார்த்தால் சராசரி வித்தியாசம் ஒரு புள்ளிகூட இல்லை. மாதிரி பெரிதானால் கடுகளவு வித்தியாசமும் சோதனையில் பிடிபடும். அதற்காக அது பெற்றோருக்குப் பெரிய விஷயமாகிவிடாது.

அந்த அறிக்கையைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் ஒருவர் “பீ 0.03 என்றால் திட்டம் வேலை செய்தது 97% உறுதி” என்றார். அப்படியில்லை அண்ணன். திட்டத்தால் ஒரு மாற்றமும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இந்தளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. அது சொல்வது இவ்வளவுதான். கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவைப் பீ அளக்காது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே விட்டது.

கல்முனையிலிருந்து:
எங்கள் இடத்தில் பீக்கு 0.05 என்பது பரீட்சைச் சித்தி எல்லை மாதிரி. 0.049 பாஸ், 0.051 பெயில். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால் முறைக்கிறார்கள். இப்போது நான் அறிக்கையின் முதல் வரியில் வித்தியாசம் எவ்வளவு, எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று எழுதிவிட்டு, பீயை அடைப்புக்குள் போடுகிறேன். மேலிடத்திலிருந்து இன்னும் “ஓமா, இல்லையா?” என்றுதான் கோல் வருகிறது.