டிஎன்பிஎச் சோதனை: மூணு டியூப்ல மூணு ரீடிங், யாராவது கைகொடுங்க

வணக்கம். ஃப்ரீசர்ல வச்ச மீன் தசையில புரதம் எவ்வளவு ஆக்சிஜனேற்றம் ஆகுதுன்னு பார்க்கிறேன். லைசின், ஆர்ஜினின், புரோலின்ங்கிற அமினோ அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் ஆனா வர்ற கார்போனைலை (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புத் தொகுதி) டிஎன்பிஎச் (டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன், கார்போனைலோட சேர்ந்து மஞ்சள் நிறம் தர்ற வேதிப்பொருள்) வச்சுப் பிடிக்கிற வழக்கமான முறைதான். 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல 10 மில்லிமோலார் டிஎன்பிஎச், இருட்டுல ஒரு மணி நேரம், டிசிஏ (டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம்) போட்டு புரதத்தை வீழ்படிவாக்கல், எத்தனாலும் எத்தில் அசிடேட்டும் சமமாக் கலந்து மூணு தடவை கழுவல், 6 மோலார் குவானிடின்ல கரைச்சு 370 நானோமீட்டர்ல ரீடிங்.

தொல்லை கழுவும்போதுதான். மூணாவது கழுவலுக்குப் பிறகும் மேல நிக்கிற திரவம் இளமஞ்சளா இருக்கு. அடியில இருக்கிறது வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கிட்டு குவானிடின்ல கரையவே மாட்டேங்குது. ஒரே மீன், ஒரே நாள், மில்லிகிராம் புரதத்துக்கு ஒரு டியூப்ல 2.1 நானோமோல் கார்போனைல், பக்கத்து டியூப்ல 5.4! கழுவும்போது புரதம் போயிடுதுன்னு நினைக்கிறேன். புரத அளவை நான் தொடக்கத்துலயே எடுத்துடறேன், அதுதான் தப்போ? புரத அளவைக் கடைசியில பிளாங்க் டியூப்ல (டிஎன்பிஎச் இல்லாம வெறும் அமிலம் போட்டது) 280 நானோமீட்டர்ல எடுக்கிறவங்க சொல்லுங்க.

நியூக்ளிக் அமிலமும் கார்போனைல் கணக்கை ஏத்திவிடுமாம். அதை நீக்க தசைக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் சல்ஃபேட் போடணுமா?

இன்னொண்ணு. மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் ஆனா வர்ற மெத்தியோனின் சல்ஃபாக்சைடு இந்தச் சோதனையில சிக்காது. அதைத் தனியா அளக்க புரதத்தை அமிலத்துல நீராற்பகுப்பு செஞ்சா (அமினோ அமிலங்களா உடைச்சா) அது ஓரளவு மெத்தியோனினாவே திரும்பிடுது. இன்னொரு வழியான சயனோஜன் புரோமைடு விஷம், எங்க லேப்ல அதுக்கேத்த ஹூட் (நச்சுப்புகையை வெளியேத்துற பெட்டி) கிடையாது. கார நீராற்பகுப்பு செஞ்சு பார்த்தவங்க இருக்கீங்களா? எவ்வளவு நேரம், எந்தப் பாத்திரம்?