குழல் தாழ்ந்த பிஸ்டலா, கைக்குப் பொருந்தும் கிரிப்பா?

ரவி_மயூர்விஹார்: மகள் துப்பாக்கி சுடும் போட்டியில் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தம்) இருந்து 25 மீட்டர் .22 ஸ்போர்ட் பிஸ்டலுக்கு (தோட்டா) மாறுகிறாள். பயிற்சி துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில். குழல் கைக்கு எவ்வளவு நெருக்கமாகத் தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு துல்லியம், இத்தாலியின் பர்தினி பிஸ்டல் மாதிரி வாங்குங்கள் என்கிறார்கள் சிலர். கிரிப் (கைப்பிடி) பொருந்தினால் குழல் உயர்ந்த பழைய வகையே போதும் என்கிறார்கள் வேறு சிலர். எதைக் கேட்பது?

செந்தில்_முனிர்கா: குழலைத்தான் முதலில் பாருங்கள் சார். அது மணிக்கட்டுக்கு மேல் எவ்வளவு உயர்கிறதோ சுடும்போது அவ்வளவு முனை துள்ளும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு சோவியத் அணி தலைகீழாக வடிவமைத்த பிஸ்டலோடு வந்தது, குழல் அடியில் இருக்கும். அப்புறம் விதி போட்டுத் தடுத்தார்கள். இன்றும் குழலின் மையக்கோடு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பிளவுக்கு மேலேதான் போக வேண்டும். பலன் இல்லாத ஒன்றை யார் விதி எழுதித் தடுப்பார்கள்?

கீதா_ஆர்கேபுரம்: அந்த பிஸ்டல் ரேபிட் ஃபயருக்கு (வேகமாகச் சுடும் போட்டி) வந்தது செந்தில். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற போட்டி அது. 8, 6, 4 நொடிகளில் ஐந்து இலக்கு, முனை உடனே அடங்கியே ஆக வேண்டும்.

இந்தப் பெண் சுடப்போவது வேறு. முதல் 30 குண்டு நிதானமாக, ஐந்துக்கு 5 நிமிடம். அடுத்த 30-ல் கையை 45 டிகிரி தாழ்த்தி நிற்பாள், இலக்கு 3 நொடி தெரியும், ஒரே குண்டு, பிறகு 7 நொடி இடைவெளி. முனை துள்ளினால் அடங்க நேரம் இருக்கிறது. கை உயரும்போதே முன், பின் சைட் (குறிபார்க்கும் அமைப்பு) இரண்டும் நேராக வந்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அது கிரிப்பின் சாய்வும் பொருத்தமும் செய்யும் வேலை.

கணக்கு போட்டுப் பாருங்கள். சைட்டுகளுக்கு இடையே விதி அனுமதிப்பது அதிகபட்சம் 220 மிமீ. முன் சைட் 0.3 மிமீ விலகினால் 25 மீட்டரில் குண்டு 34 மிமீ தள்ளிப் போகும். நிதானச் சுற்றில் பத்து வளையத்தின் விட்டமே 50 மிமீ. பத்து போய் ஒன்பது.

செந்தில்_முனிர்கா: குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே பின்னுதைப்பு தொடங்கிவிடுகிறது மேடம். பிடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், தாழ்ந்த குழல் அந்த வேறுபாட்டைக் குறைக்கும். நீங்கள் சொல்லும் கிரிப்பும் இந்த வடிவத்தில்தான் நன்றாக அமைகிறது. வால்தர் ஜிஎஸ்பி, பர்தினி இரண்டு பிஸ்டலிலும் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) டிரிகருக்கு (விசை) முன்னால். கைப்பிடிக்குள் மேகசின் இல்லாததால் மரத்தை வேண்டியபடி செதுக்கலாம்.

கீதா_ஆர்கேபுரம்: அது மேகசின் இருக்கும் இடத்தின் நன்மை, குழல் உயரத்தின் நன்மை இல்லை. ஹாமர்லி 208-ல் மேகசின் கைப்பிடிக்குள்தான், அது மோசமான பிஸ்டல் என்று யாரும் சொன்னதில்லை. குழலுக்கு முன் டிரிகரைப் பாருங்கள். ஏர் பிஸ்டலில் டிரிகரை இழுக்கத் தேவையான குறைந்தபட்ச எடை 500 கிராம், இதில் 1000. அந்த இரு மடங்கைத்தான் அவள் விரல் முதலில் உணரும். இழுபறியாக விடுபடும் டிரிகர் சைட்டைக் கலைத்துவிடும்.

பாலா_கரோல்பாக்: தோட்டாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த .22 தோட்டா ரிம்ஃபயர் வகை, அதில் தீப்பற்றும் மருந்து அடி விளிம்புக்குள் இருக்கிறது. அது சீராகப் பரவாவிட்டால் வேகம் மாறும். ஒரு குழலுக்கு ஒத்துவரும் லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரான தோட்டாக்கள்) இன்னொன்றுக்கு ஒத்துவராது. ஆனாலும் நல்ல போட்டி பிஸ்டலைப் பிடிகருவியில் பூட்டிச் சுட்டால் 25 மீட்டரில் குண்டுகள் பத்துக்குள்தான் விழும்.

ரவி_மயூர்விஹார்: அவளுக்குக் கை சிறியது.

கீதா_ஆர்கேபுரம்: அப்படியென்றால் சின்ன அளவு கிரிப், டிரிகரை முன்பின் நகர்த்தும் வசதி, இந்த இரண்டும் கட்டாயம். கண்ணை மூடிக் கையைத் தூக்கச் சொல்லுங்கள், திறந்ததும் சைட் நேராக இருக்க வேண்டும். பிஸ்டலின் முன்பக்கத்தில் சேர்க்கும் கூடுதல் எடைகளை இப்போதைக்கு மாட்ட வேண்டாம்.

செந்தில்_முனிர்கா: அந்தச் சோதனையில் இரண்டு வகை பிஸ்டலும் சமமாக வந்தால் தாழ்ந்ததையே எடுங்கள் சார். இதே பிஸ்டலில்தான் நாளைக்கு ஸ்டாண்டர்ட் பிஸ்டல் போட்டியிலும் சுடுவாள். அதில் கடைசிச் சுற்றுகளில் 10 நொடிக்குள் ஐந்து குண்டு.