ஹாமில்டன் 22 கடற்படைக் கடிகாரம்: புதுப்பிப்பு

போன வாரம் எழுதியதில் ஒரு தப்பு. ஹாமில்டன் 22-இலும், அதே கம்பெனியின் இன்னொரு கடற்படைக் கடிகாரமான 21-ஐப் போலவே, கூம்பு உருளையில் சுற்றும் சங்கிலியும் டிடென்ட் அமைப்பும் (சக்கரத்தைப் பல் பல்லாகப் பிடித்து விடும் மெல்லிய வில்) இருப்பதாகச் சொல்லியிருந்தேன். பின்மூடியைத் திறந்து பார்த்ததும் அசடு வழிந்தது. சங்கிலியே இல்லை! சாதாரணப் பாக்கெட் வாட்சில் இருக்கும் லீவர் அமைப்புதான் (அதே வேலையைச் செய்யும் குட்டி நெம்புகோல்), உருவம் மட்டும் பெரிது.

காதை வைத்தாலே வித்தியாசம் புரியும். 21-இல் அரை நொடிக்கு ஒரு தட்டு. 22-இல் நொடிக்கு ஐந்து.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக லான்காஸ்டரில் செய்தவை இவை. 21 போன்ற குரோனோமீட்டரை, அதாவது கப்பலில் துல்லியமாக நேரம் காட்டும் கடிகாரத்தை, வேகமாகச் செய்வது லேசில்லை. 22 அதைவிட எளிது. இதிலும் ஹேர்ஸ்பிரிங் (துடிப்பைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள் வில்) எலின்வார் எக்ஸ்ட்ரா என்ற நிக்கல் எஃகுக் கலவை. குளிரோ வெயிலோ, அதன் விறைப்பு பெரிதாக மாறாது. எனக்குப் பிடித்தது அதுதான்.

அப்புறம், முகப்பில் மேலே இருக்கும் குட்டி முள் என்ன என்று கேட்டிருந்தீர்கள். சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று காட்டுவது. 56 வரை போகும். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்துவிட வேண்டும். நான் காலைக் காபிக்கு முன்னால் கொடுக்கிறேன்.