துருவ நட்சத்திரம் தெரியாத மாடியிலிருந்து ஒமேகா சென்டாரி

குமரிவானம்:
வீடு நாகர்கோவிலுக்கு வெளியே. 80 மி.மீ. டெலஸ்கோப், குவியத் தூரம் 400 மி.மீ., பழைய கேனன் கேமரா, மோட்டார் வைத்த ஈக்வடோரியல் மவுண்ட் (அச்சை வான துருவத்துக்கு நேராக வைத்தால் விண்மீன்களைப் பின்தொடர்ந்து சுழலும் தாங்கி). தெற்கு வானம் முழுவதும் திறந்து கிடக்கிறது. துருவ நட்சத்திரமோ இங்கே 8 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதையும் பக்கத்துத் தோப்புத் தென்னைகள் மறைத்துவிடுகின்றன. திசைகாட்டி வைத்து உத்தேசமாகத் திருப்பி எடுத்தால், ஒரு நிமிட எக்ஸ்போஷரில் விண்மீன்கள் அரிசிமணியாக நீள்கின்றன. போதாக்குறைக்கு எதிர்எடைத் தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது. உயரத் திருகும் 10 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து, கரினா நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் இரண்டும் எடுக்க ஆசை. ஒரு விண்மீனைக் கவனித்துக்கொண்டே மவுண்டைத் திருத்தும் ஆட்டோகைடர் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா?

தெற்குமாடி:
இப்போது வேண்டாம். பணத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். அச்சு கோணலாக இருக்கும்போது கைடர் ஒரு விண்மீனை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். படத்தின் மற்ற விண்மீன்கள் அதைச் சுற்றி வளைந்துவிடும். துருவ அச்சு 1 பாகை விலகினால் விண்மீன் நிமிடத்துக்கு 16 விகலை (ஒரு பாகைக்கு 3600 விகலை) வரை நழுவும். உங்கள் டெலஸ்கோப்பில் அது ஏழெட்டு பிக்சல்.

முதலில் முக்காலி. இந்த மவுண்டுகளை வடிவமைப்பவர்கள் 40, 50 பாகை அட்சரேகையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நம்மைப் பற்றி அவர்களுக்கென்ன கவலை! வடக்கே ஒரு கால் நிற்காமல், இரண்டு கால்களின் இடைவெளி வடக்கைப் பார்க்கும்படி வையுங்கள். முக்காலித் தலையில் துருத்தும், மவுண்டின் திசைத் திருகுகள் பிடிக்கும் ஆணியைக் கழற்றி மாற்ற முடிந்தால் வேலை சுலபம். தண்டு அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடும். மீதி 2 பாகைக்கு, தெற்கே உள்ள ஒற்றைக் காலைச் சற்று நீட்டினால் போதும். ரசமட்டம் கோணலாகக் காட்டும், கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்து, விண்மீன் நழுவுவதைப் பார்த்து அச்சைச் சரிசெய்யும் நழுவல் முறை. வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகில், உச்சிக்கோட்டில் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு) ஒரு விண்மீனை வைத்துப் பாருங்கள். அது வடக்கிலோ தெற்கிலோ நழுவினால் மவுண்டை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். பிறகு கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு விண்மீன். அது நழுவினால் உயரத் திருகு. இரண்டும் அசையாமல் நிற்கும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். மடிக்கணினி இருந்தால் நீனா மென்பொருளின் மூன்று புள்ளி முறை இதையே விரைவாக முடித்துவிடும். அதற்கும் துருவ நட்சத்திரம் தேவையில்லை.

ஒமேகா சென்டாரி உங்களுக்கு 34 பாகை வரை ஏறும். வானியலாளர் எட்மண்ட் ஹாலி அதை 1677இல் பதிவுசெய்தது செயின்ட் ஹெலினா தீவுக்குப் போயிருந்தபோது. லண்டனில் அது உதிப்பதே இல்லை. மாடியில் நின்றே பார்க்கிற நீங்கள் தென்னையைக் குறை சொல்கிறீர்கள்!

பனிக்கூதிர்:
கரினாவைப் பற்றி ஒன்று. கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டி நெபுலாவின் ஹைட்ரஜன் வெளியிடும் 656 நானோமீட்டர் சிவப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனாலும் கரினா பிரகாசமானது, இளஞ்சிவப்பாகவாவது வரும். இரண்டு குறுகிய நிறப் பட்டைகளை மட்டும் உள்ளே விடும் இரட்டைப் பட்டை வடிகட்டி வாங்கினால் நெபுலாவுக்கு மட்டும் போடுங்கள்; கொத்துக்குப் போட்டால் விண்மீன்களின் நிறம் போய்விடும்.

குமரிவானம்:
ஆணி கழன்றது. தண்டு இப்போது இடிக்கவில்லை. ஒமேகா சென்டாரிக்கு எத்தனை வினாடி வைக்கலாம்?

தெற்குமாடி:
30 வினாடி, கேமராவின் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 800. நடுப்பகுதி வெளுத்தால் 15 ஆகக் குறையுங்கள். நூறு படமாவது எடுத்து சிரில் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மார்ச் நடுவில் கரினா நள்ளிரவுக்குச் சற்று முன் உச்சிக்கு வரும், ஒமேகா சென்டாரி 2 மணிக்கு மேல். ஒரே இரவில் இரண்டையும் முடித்துவிடலாம். லென்ஸில் பனி படியாமல் தடுக்கும் சூடேற்றியைக் கட்ட மறக்காதீர்கள்.