புதுப்பிப்பு: புகார் கொடுத்தாச்சு, இனி என்ன?

குடும்ப வன்முறைக்குக் காவல் நிலையத்தில் எப்படிப் புகார் எழுதுவது என்று முந்தைய இழையில் சொல்லியிருந்தோம். புகார் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் நடப்பது இது.

முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர் (முதல் தகவல் அறிக்கை) அல்ல, சி.எஸ்.ஆர் (சமுதாயப் பணிப் பதிவேடு) ரசீது. புகார் வந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்கு இன்னும் பதிவாகவில்லை. அடுத்து போலீஸார் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். "இனி அடிக்க மாட்டேன்" என்று கணவர் எழுதிக்கொடுத்ததும் பல புகார்கள் முடிந்துபோவது இங்கேதான். சமரசம் வேண்டாமென்றால் வழக்குப் பதியச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் எஸ்.பி.க்கு (மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்) பதிவுத் தபால்.

காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனை. அங்கே எழுதும் ஏ.ஆர் (விபத்துப் பதிவேடு) பதிவில் அடித்தது யார் என்று சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று ஒருமுறை ஏறிவிட்டால் பின்னால் பெரும்பாடு.

பி.என்.எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 85இல், அதாவது மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றத்துக்கான பிரிவில், வழக்குப் பதிந்தாலும் உடனே கைது என்று நம்பாதீர்கள். தண்டனை 3 ஆண்டு வரைதான் என்பதால் பெரும்பாலும் கணவரை நோட்டீஸோடு அனுப்புவார்கள். அன்றிரவே அவர் வீடு திரும்பிவிடலாம். ஆகவே பாதுகாப்பு உத்தரவு தனியாக வேண்டும்: 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் போடலாம். சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். உத்தரவை மீறினால் 1 ஆண்டு வரை சிறை. உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.