ஏழுகன்னி ஏரி: ஒன்பதாம் படிக்குக் கீழே ஏன் சாகிறார்கள்?

சூலூர்பேட்டை_வரைவாளர்:
நம் கூட்டுக் கற்பனை உலகத்தின் தெற்கு எல்லைக்கு ஏழுகன்னி ஏரியை வரைந்துவிட்டேன். பழவேற்காட்டைப் பார்த்து வரைந்ததுதான்: உவர்நீர், சேற்றுத் திட்டு, பூநாரை, கோடையில் மணல் மூடும் முகத்துவாரம். நடுத்தீவில் கன்னிமார் கோயில், அதன் குளத்துக்குப் பன்னிரண்டு படி. விதி ஒன்றுதான். பொழுது சாய்ந்தபின் ஒன்பதாம் படிக்குக் கீழே இறங்கியவர் சத்தமில்லாமல் செத்துவிடுவார். ஏன் என்று எங்கேயும் எழுதக் கூடாது. காரணம் சொன்ன இடத்தில் தெய்வம் நிற்காது.

தடா_உப்பங்கழி:
ஒத்துக்க முடியலை அண்ணா. வாசகருக்குச் சொல்ல வேண்டாம், எழுதுற நமக்குத் தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா ஆளாளுக்கு ஒரு சாவு எழுதுவாங்க, மூணாவது கதையிலேயே ஏரி குழம்பிடும். கேமரூன் நாட்டு நியோஸ் ஏரியை எடுங்க. 1986 ஆகஸ்ட் 21 ராத்திரி, அடித்தண்ணியில கரைஞ்சிருந்த கரியமில வாயு ஒரேயடியா வெளியே வந்து 1,700 பேருக்கு மேல செத்தாங்க. ஆனா உங்க வரைபடத்துல அது நடக்காது. நியோஸ் 200 மீட்டருக்கு மேல ஆழம். 10 மீட்டர் இறங்கினா ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். கோலி சோடாவுல குண்டு அடைச்சிருக்கிற மாதிரி அந்த அழுத்தம்தான் வாயுவை அடக்கி வைக்குது. பழவேற்காட்டு ஆழம் சராசரியா ஒரு மீட்டர்தான். காத்து அடிச்சா அடிவரைக்கும் கலங்கும், வாயு தங்காது. ஏரியை மலைக்கு ஏத்துங்க. நாகலாபுரம் மலை மாதிரி ஒரு இடம், நடுவுல ஆழமான பள்ளம்.

சூலூர்பேட்டை_வரைவாளர்:
மலைக்கு ஏற்றினால் சேறும் பூநாரையும் போய்விடும், சம்மதிக்க மாட்டேன். மாசிமகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மாவைக் கும்பிடுகிறார்கள். அலை ஏன் வருகிறது என்று கேட்டுவிட்டா கும்பிடுகிறார்கள்?

ஆரம்பாக்கம்_வாசகி:
ரெண்டு பேரும் ஆழத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. வாயு ஏரித் தண்ணியில கரைஞ்சுதான் இருக்கணும்னு இல்லை. துருக்கியில ஹியராபோலிஸ்னு ஒரு பழைய ஊர். பாதாள தெய்வத்தோட வாசல்னு அங்கே ஒரு குகைவாய் இருக்கு. பூமிப் பிளவு வழியா கரியமில வாயு ஓயாம கசியுது. அந்தக் காலத்துல பலிக்குக் கொண்டுவந்த காளை அங்கேயே விழும், பக்கத்துல நின்ன பூசாரி சாகமாட்டார். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சிட்டுக்குருவிகளை உள்ளே விட்டுப் பார்த்திருக்கார், அவை உடனே விழுந்து செத்திருக்கு. வாயு காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோட தரையா படுத்திருக்கும். காளையோட மூக்கு அதுக்குள்ள, ஆளோட மூக்கு அதுக்கு மேலே. ராத்திரி குளிர்ல தேங்கி விடியற்காலையில உச்சத்துல இருக்கும், வெயில் ஏற ஏறக் கலையும். உங்க "பொழுது சாய்ந்தபின்" விதி அச்சு அசலா இதுதான் அண்ணா. காரணம் இருந்தும் அந்த வாசலை நூத்தாண்டுக்கணக்கா கும்பிட்டிருக்காங்க.

தடா_உப்பங்கழி:
இது சரி அக்கா, ஆனா கடலோரத் தீவுல காத்து நிக்காதே. திறந்த கரையில வாயு பரவிக் கலைஞ்சிடும்.

ஆரம்பாக்கம்_வாசகி:
அதனாலதான் படிக்குளத்துக்குள்ள வைக்கச் சொல்றேன் தம்பி. நாலு பக்கமும் மதில், தரைமட்டத்துக்குக் கீழே பன்னிரண்டு படி, பிளவு பன்னிரண்டாம் படிக்கு அடியில. காத்து மதிலுக்கு மேலேயே போயிடும். அப்புறம் ஒன்பதாம் படிங்கிற எல்லை எப்பவும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது. காத்தில்லாத ராத்திரி வாயு ஆறாம் படிவரைக்கும் ஏறும். பூசாரி தினமும் அளக்கணும். உரியில அகல்விளக்கு, பத்து முழக் கயிறு. ஆள் நிக்கிற படிக்கு மூணு படி கீழே விளக்கு போகணும். பக்கத்துலயே பிடிச்சா பிரயோஜனம் இல்லை. காத்துல வாயு பத்து விழுக்காடு ஆனாலே சில நிமிஷத்துல நினைவு தப்பும், அந்த அளவுலயும் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கலாம். சுடர் சுருங்கினாலே மேலே ஏறிடணும்.

இன்னொரு விதி கட்டாயம் வேணும்: விழுந்தவரை விடியறவரைக்கும் யாரும் தூக்கப் போகக் கூடாது. பெத்த தாயா இருந்தாலும். தூர்வாரக் கிணத்துல இறங்கினவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிறது இதனாலதான். வெளியில இருந்து பாக்கிறவங்களுக்கு இது கொடுமை. அந்த ஊருக்கு இது கன்னிமார் வாக்கு. உங்க கதை இங்கேதான் அண்ணா இருக்கு.

சூலூர்பேட்டை_வரைவாளர்:
தூக்கக் கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்கிறேன். மேல்படியில் ஒரு தாய் விடியும்வரை உட்கார்ந்திருக்கும் காட்சி இப்போதே கண்ணில் நிற்கிறது. பிளவையும் வரைபடத்தில் குறித்துவைக்கிறேன், ஆனால் நமக்கு மட்டும். "வாயு" என்ற சொல் எந்தக் கதையிலும் வரக் கூடாது. ஒரே படியில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் பிழைத்தால், அதைக் கன்னிமார் கருணை என்றே எழுத வேண்டும்.

தடா_உப்பங்கழி:
சொல் வர வேண்டாம், சரி. கருணைக்கும் கணக்கு இருக்கட்டும். நின்னவர் பிழைக்கட்டும், குனிஞ்சு தண்ணி மொண்டவர் விழட்டும். குழந்தையை இடுப்புல வச்சிருந்தா பிழைக்கும், கைபிடிச்சு நடத்திக் கூட்டிவந்தா பிழைக்காது. இதை மீறி ஒரு சாவோ பிழைப்போ எழுதினா நான் எதிர்ப்பேன்.

சூலூர்பேட்டை_வரைவாளர்:
வருஷத்துக்கு ஒரே ஒருவர், கணக்குக்கு வெளியே. அதை விட்டுத்தர மாட்டேன்.