1999 எஸ்டீம்: மலை இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு போல் ஆகிறது – டிஸ்க், பேட், ஹோஸ் எதை மாற்றுவது?

எஸ்டீம்_சேலம்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம். அப்பா வாங்கிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு இன்றுவரை ஓட்டி வருகிறேன். முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம், 13 அங்குல ரிம். இவற்றில் எதையும் நான் மாற்றியதில்லை.

சென்ற மாதம் நால்வராக ஏற்காடு சென்று திரும்பினோம். சேலம் நோக்கி இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறையப் பாதியைக் கடந்த நிலையில், பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கத் தொடங்கியது. அடுத்த வளைவில் இரண்டு முறை மிதித்த பிறகே வண்டி பிடித்தது. பயந்துபோய் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது இடது முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. அதன் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. வலது சக்கரத்தில் சூடு இருந்தாலும் அந்த அளவுக்கு இல்லை. அரைமணி நேரம் ஆறவிட்டபின் பெடல் பழைய நிலைக்குத் திரும்பியது. இது தவிர, நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. இது ஓராண்டாகவே உண்டு.

உள்ளூரில் ஒரு கடையில் கேட்டதற்கு, துளையிட்ட டிஸ்க், ரேசிங் பேட் (டிஸ்க்கைக் கவ்வும் கட்டை), எஃகு இழை பின்னிய ஹோஸ் (பிரேக் ஆயில் குழாய்) மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் இனிக் கவலையில்லை என்கிறார்கள். 14 அங்குல ரிம்முக்கு மாறினால் இன்னும் பெரிய டிஸ்க் போடலாம் என்றும் சொல்கிறார்கள். செலவு செய்யத் தயங்கவில்லை. ஆனால் எது உண்மையில் தேவை, எது அலங்காரம் என்று தெரியவில்லை. பேட் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்பது நினைவில் இல்லை.

---

மலைப்பாதை

கேள்வியின் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

மலையில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம். பேட் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்தால், பெடல் கல்லைப் போல் கடினமாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், திரவத்தைப் போலன்றி ஆவி அமுங்கும் தன்மை கொண்டது என்பதால், கால் கொடுக்கும் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிப் பெடல் தரைக்கு இறங்கும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது. ஆறியபின் பெடல் திரும்பியதும் அதற்கே பொருந்துகிறது. ஆகவே துளையிட்ட டிஸ்க்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த ஆயிலை யோசியுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஆண்டுக்கணக்கில் மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிலை, 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இதே எண்கள் 230, 155, டாட் 5.1க்கு 260, 180. இம்மூன்றும் ஒரே குடும்பம், கீழ் வகையின் இடத்தில் மேல் வகையை ஊற்றலாம். டாட் 5 என்று மட்டும் அச்சிட்டிருப்பது சிலிக்கோன் வகை. அது இவற்றோடு சேராது, பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

மலை இறக்கம் எவ்வளவு கடுமையானது என்பதை ஒரு சிறு கணக்கால் சொல்கிறேன். எஸ்டீமின் எடை 900 கிலோ அளவில் என்று வைத்துக்கொண்டால், நால்வரும் பைகளும் சேர்த்து 1,200 கிலோ. 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை முழுமையாக நிறுத்தினால் பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 300 கிலோஜூல். அதே வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 11,800 கிலோஜூல், அதாவது அத்தகைய 40 முழு நிறுத்தங்களுக்குச் சமம். சேலத்திலிருந்து ஏற்காட்டின் உயரம் 1,000 மீட்டருக்கும் அதிகம். இந்தச் சுமையில் பெரும்பங்கை இன்ஜின் ஏற்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். நீங்கள் எந்தக் கியரில் இறங்கினீர்கள் என்று எழுதவில்லையே?

---

பழைய_ஃபிட்டர்

தம்பி, மேலே நண்பர் எழுதியது சரி, ஆனால் இடது சக்கரம் மட்டும் ஏன் கருகியது என்பதை அவர் தொடவில்லை. ஆயில் பழசு என்றால் இரண்டு பக்கமும் ஒரே ஆயில்தானே. ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது என்றால், அந்தப் பக்கம் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது என்று பொருள்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பட்டறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த வயதுள்ள வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது ரப்பர் ஹோஸைத்தான். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். உள்சுவர் உப்பிப்போய், துளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். மிதிக்கும்போது நம் காலின் பலத்தால் ஆயில் உள்ளே போய்விடும்; காலை எடுத்ததும் அது திரும்பி வர வழியில்லாமல், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிபரிலேயே தங்கிவிடும். பேட் டிஸ்க்கை விடாது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, சில முறை பிரேக் பிடித்துவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, இடது முன்சக்கரத்தை ஜாக் போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிபரிலுள்ள ஏர் எடுக்கும் (ஆயில் வழியிலுள்ள காற்றை வெளியேற்றும்) நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருந்தது உறுதி. அப்போது ஹோஸைப் பாருங்கள். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் காலிபர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, அல்லது காலிபர் நகர்ந்து கொடுக்க வேண்டிய பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கின்றன. கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள், அந்த ஆயில் பெயின்டையும் தின்றுவிடும்.

எஃகு இழை ஹோஸ் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. அழுத்தத்தில் விரியாது என்பதால் பெடல் கெட்டியாக இருக்கும். ஆனால் 25 ஆண்டு ரப்பரை எடுத்துவிட்டுப் புது ரப்பர் போட்டாலே அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். இழை ஹோஸ்தான் வேண்டுமென்றால், மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதை வாங்குங்கள். உறையில்லாத எஃகு இழை, உரசும் இடத்தையெல்லாம் அரம் போல் அறுக்கும். உங்கள் வண்டிக்கென்றே முனைகள் அழுத்திப் பொருத்தப்பட்டு, அழுத்தச் சோதனை முடிந்து வந்ததாக இருக்க வேண்டும். கடையிலேயே நீளம் வெட்டிக் கிளிப் போட்டுத் தருவதைத் தொடாதீர்கள். மாட்டியபின் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளவோ இழுபடவோ செய்யவில்லை என்று பாருங்கள். செம்பு வாஷர்களைப் புதிதாகவே போடுங்கள், பழையதைத் திருப்பிப் போட்டால் கசியும். எந்த வகையானாலும் பின்பக்க ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், அதற்கும் அதே வயதுதான்.

---

வேகன்_கோவை

நான் ஹோஸ் விஷயத்தில் பெரியவரோடு உடன்படுகிறேன். டிஸ்க், பேட் பற்றி என் அனுபவத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொன்ன அதே மூன்றையும் என் பழைய வண்டியில் நான் போட்டுப் பார்த்தவன்.

ரேசிங் பேட் என்று தந்ததை மாட்டிய முதல் வாரம், அதிகாலையில் பால் வண்டிக்குப் பின்னால் நிறுத்தப்போய், வண்டி நிற்காமல் நழுவியது. பந்தயப் பேட் நன்றாகச் சூடேறிய பிறகே கவ்வும். குளிர்ந்த நிலையில் சாதாரணப் பேட்டைவிட மோசம். ஊருக்குள் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. மேலும் டிஸ்க்கை அரித்துத் தின்றது, சக்கரம் முழுக்கக் கரித்தூள், நிற்கும்போது கிறீச்சென்ற சத்தம். மூன்றே மாதத்தில் கழற்றிவிட்டேன்.

பேட்டின் ஓரத்திலோ முதுகுத் தகட்டிலோ அச்சிட்டிருக்கும் நீண்ட குறியீட்டின் கடைசியில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது மிகுந்த வெப்பத்தில் உராய்வு. இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்எஃப் என்று இருந்தால் குளிரிலும் சூட்டிலும் ஒரே அளவுக்குப் பிடிக்கும் என்று கொள்ளலாம். குடும்ப வண்டிக்கு அதுவே போதும். எஃப்இ என்று இருந்தால் மலைக்கு வேண்டாம். நம் சென்னையின் பாடிப் பகுதியிலேயே பிரேக் பாகங்கள் செய்யும் பெரிய ஆலைகள் இருக்கும்போது, பெயர் தெரியாத இறக்குமதிப் பெட்டியை நம்பி வாங்கத் தேவையில்லை. முத்திரை உடையாத பெட்டியாகவும் பில்லோடும் வாங்குங்கள்.

துளையிட்ட டிஸ்க்கை நான் இன்றும் விரும்புகிறேன், பார்வைக்கு அழகு, மழையில் முதல் மிதியிலேயே பிடிக்கிறது. பெரிய டிஸ்க் விஷயம் எனக்குத் தெரியாது.

---

பழைய_ஃபிட்டர்

வேகன் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. டிஸ்க் என்பது சூட்டைத் தேக்கி வைக்கும் இரும்பு. துளை போட்டால் அந்த இரும்புதான் குறைகிறது. அதைவிட முக்கியம், திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும்போது துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் புறப்படும். வார்ப்பு நிலையிலேயே கவனமாகத் துளை வைத்த விலையுயர்ந்த டிஸ்க் வேறு, சாதாரண டிஸ்க்கைத் துளைபோடும் இயந்திரத்தில் வைத்துக் குத்தியது வேறு. 13 அங்குல எஸ்டீமுக்கு மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாம் வகையாகத்தான் இருக்கும். அழகு வேண்டுமென்றால் கோடு வெட்டிய டிஸ்க் போதும்.

80 கி.மீ. வேகத்து நடுக்கத்துக்கு எல்லோரும் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. தடிமன் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்திருக்கும், அல்லது சூடான பேட்டின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும். 0.02 மில்லிமீட்டர் வேறுபாடுகூட ஸ்டியரிங்கில் தெரியும். உங்கள் வண்டியில் இடது பக்கம் ஓராண்டாக உரசியிருந்தால் இந்த நடுக்கமும் அதன் பிள்ளையாகவே இருக்கலாம். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்து, மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். விளிம்பில் தேயாத கரை எழும்பி நிற்கும் டிஸ்க்கில் வெர்னியர் அளவுகோல் அந்தக் கரையையே அளந்து ஏமாற்றும். அளவு போதுமானால் லேத்தில் சீவலாம். குறைந்தபட்சத்தை ஒட்டிய அளவில் இருந்தால் சீவாமல் இரண்டு பக்கமும் ஜோடியாகப் புதிது போடுங்கள். புது டிஸ்க் மாட்டுமுன் டிஸ்க் பொருந்தும் ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டிவிடுங்கள். அங்கே ஒட்டிய ஒரு துரும்புகூட விளிம்பில் ஆட்டமாக வரும்.

பெரிய டிஸ்க் வேண்டாம் என்பதே என் கருத்து. முன்பிரேக்கை மட்டும் பலப்படுத்தினால் முன்சக்கரங்கள் முன்னதாகவே பூட்டிக்கொள்ளும், பின்டிரம் தன் பங்கைச் செய்யாமல் நிற்கும். காலிபர் பிஸ்டனும் பெரிதானால் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் அனுப்பும் ஆயில் போதாமல் பெடல் இன்னும் ஆழமாக இறங்கும், நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதுவே வரும். அந்தக் காசில் நல்ல டயர் நான்கு போடுங்கள். கடைசியில் சாலையைப் பிடிப்பது அதுதான். டிரம்மைக் கழற்றி, உள்ளே உரசும் லைனிங், வீல் சிலிண்டர் கசிவு, இடைவெளி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

---

எஸ்டீம்_சேலம்

மூவருக்கும் நன்றி. மூன்றாவது கியரில் இறங்கினேன், அது என் தவறு.

ஞாயிறன்று மெக்கானிக்குடன் சேர்ந்து பெரியவர் சொன்ன சோதனையைச் செய்தோம். இடது சக்கரம் கையால் அரைச் சுற்றுகூட வரவில்லை. நிப்பிளைத் தளர்த்தியதும் ஆயில் சீறிக்கொண்டு வந்தது, சக்கரம் தானாகவே விடுபட்டது. வந்த ஆயிலின் நிறம் ஃபில்டர் காபி டிகாஷன் போல இருந்தது. கழற்றிய ஹோஸை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பார்த்தேன்; வெளிப்புறத்தில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே ரப்பர் உப்பி, தையல் ஊசி மட்டும் நுழையும் அளவுக்கு வழி இருந்தது.

நான்கு ஹோஸ்களையும் புது ரப்பராகவே மாற்றி, டாட் 4 ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் தெளிந்த ஆயில் வரும்வரை ஏர் எடுத்தோம். டிஸ்க் இரண்டும் குறைந்தபட்ச அளவை நெருங்கியிருந்ததால் துளையில்லாத புது டிஸ்க், எஃப்எஃப் பேட். பின்டிரம்மில் இடைவெளி அதிகமாக இருந்தது, சரிசெய்தாயிற்று. பெடல் இப்போது பாதிக்கும் மேலேயே கெட்டியாக நிற்கிறது. ஒரே ஒரு கேள்வி: புது பேட்டை எப்படிப் பழக்குவது?

---

பழைய_ஃபிட்டர்

ஆள் நடமாட்டமில்லாத சாலையில், 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை நடுத்தர அழுத்தத்தில் குறையுங்கள். முழுவதும் நிறுத்திவிடாதீர்கள், நின்றால் சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டும். அடுத்த முறைக்கு முன் அரை கிலோமீட்டராவது ஓடவிட்டு, இப்படி இருபது முறை. முடித்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். மலையடிவாரத்தில் சிலர் பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிக்கொண்டு நிற்பார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். சுடும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் புது டிஸ்க்கும் விரிசல் விடலாம்.